பனிவெளியில் கைமாறிய மருந்து

1925 சனவரியில் அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் குழந்தைகளைப் பலிகொண்டது. துறைமுகம் உறைந்திருந்தது. நெனானா வரை இரயிலில் வந்த மருந்தை, எஞ்சிய 674 மைல் தொலைவுக்கு நாய்கள் பூட்டிய சறுக்குவண்டிகளே சுமந்தன. இருபது ஓட்டுநர்கள், ஏறத்தாழ 150 நாய்கள், ஐந்தரை நாட்கள்.

இறுதிக் கட்டத்தில் வந்த பால்டோ என்னும் நாய்க்கு அவ்வாண்டு டிசம்பரிலேயே நியூயார்க்கில் சிலை எழுந்தது. உறைந்த கடல்மீது மிக நீண்ட கட்டத்தைக் கடந்த டோகோவை நாம் மறந்தோம். (வாயிலில் வந்து நிற்பவரே நம் கண்ணில் படுகின்றனர்.) அதபாஸ்கன் பழங்குடி ஓட்டுநர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அவர்களுள் பலருக்கு அது குளிர்காலந்தோறும் அஞ்சல் சுமந்து பழகிய வழி. விறகும் மீனும் இழுத்தவை அத்தகைய நாய்களே. உலர்த்திய சால்மன் மீனே அவற்றின் உணவு.

பனி ஊர்திகள் வந்தபின் முற்றங்களில் நாய்கள் குறைந்தன. அம்மரபைக் காக்கவே 1973இல் ஆங்கரேஜிலிருந்து நோம் வரை இடிட்டராட் பந்தயம் தொடங்கியது. முதலாமவர் வந்துசேர இருபது நாட்கள் ஆயின.