பட்டியல் எழுதிய இரு பெண்மணிகள்

நேயர்களே, இந்தத் தொடரில் இதுவரை நூல்களை எழுதியவர்களைப் பற்றியே பேசி வந்தேன். இன்று நூல்களைத் தெரிவு செய்தவர்களைப் பற்றிப் பேச விரும்புகிறேன். இலக்கிய வரலாற்றில் இவர்களுக்கு ஓர் அத்தியாயம் கிடைப்பது அரிது. ஆனால் ஆரம்ப வகுப்பில் எந்தப் பிள்ளையின் கையில் எந்தப் புத்தகம் போய்ச் சேருகிறது என்பதைத் தீர்மானிப்பவர்கள் இவர்களே.

இந்த எண்ணம் என்னுள் விழுந்த இடம் ஒரு கடற்கரைக் கிராமத்துப் பாடசாலை. அங்கு மூன்றாம் வகுப்புக்கு நான் ஆசிரியன். அன்பளிப்பாக வந்த ஒரு பெட்டிப் புத்தகங்களிலிருந்து, வழவழப்பான தாளும் நல்ல வர்ணப் படங்களும் கொண்டவற்றைப் பொறுக்கி வாசிப்பு மூலையில் அடுக்கினேன். சில மாதங்கள் கழித்து, தத்தம் வீட்டைக் கீறும்படி பிள்ளைகளிடம் சொன்னேன். ஓலைக் குடிலில் வாழ்ந்த ஒரு சிறுவன், புகைபோக்கி வைத்த வீடொன்றைக் கீறி, கூரை நிறையப் பனியும் கொட்டியிருந்தான்.

"இது உன்ரை வீடோ?" என்று கேட்டேன்.

"வீடெண்டால் இப்பிடித்தானே சேர் இருக்கும்" என்றான்.

பிழை அவனுடையதல்ல. புத்தகங்களைப் பொறுக்கியவன் நான்.

இதே சங்கடத்தை வேறு எவரேனும் அனுபவித்திருக்கிறார்களா என்று பின்னர் தேடிப் படித்தேன். ஐக்கிய அமெரிக்காவின் நூலக வரலாற்றில் அதற்கு விடை கிடைத்தது. வியப்பு என்னவென்றால், அந்த வரலாற்றின் ஒரு நூலிழை எங்கள் அயலான சென்னையிலிருந்து புறப்படுகிறது.

ஹெலன் பனர்மன் ஒரு ஸ்கொத்லாந்துப் பெண்மணி. இந்திய மருத்துவ சேவையில் இருந்த கணவருடன் சென்னையில் வாழ்ந்தவர். தம் இரு சிறு பெண்பிள்ளைகளுக்காக, நீண்டதொரு ரயில் பயணத்தின்போது அவர் புனைந்த கதைதான் 'லிட்டில் பிளக் சம்போ'. 1899இல் லண்டனில் அது நூலாக வந்தது. சிறுவன் ஒருவன் தன் புத்தாடைகளை ஒவ்வொன்றாகப் புலிகளிடம் பறிகொடுக்கிறான். புலிகள் தமக்குள் சண்டையிட்டு, மரத்தைச் சுற்றி ஓடி ஓடி நெய்யாக உருகிவிடுகின்றன. புலியும் நெய்யும் கதை பிறந்த மண்ணைக் காட்டிக்கொடுக்கின்றன.

ஆனால் 'சம்போ' என்பது அமெரிக்காவில் கறுப்பின மக்களை இழித்துரைக்கும் பெயர். பதிப்புரிமை ஆசிரியையின் கையில் இல்லாமற் போனதால், அங்கே பலரும் பல பதிப்புகளை வெளியிட்டனர். தடித்த உதடும் பிதுங்கிய கண்ணுமாகக் கறுப்பரைக் கேலி செய்யும் படங்கள் அவற்றில் ஏறின. வகுப்பறையில் அந்த நூல் வாசிக்கப்பட்டபோது வெள்ளைப் பிள்ளைகள் சிரித்தனர். கறுப்புப் பிள்ளை தலைகுனிந்தது. இத்தகைய நூல்கள் கறுப்பினப் பிள்ளையைப் புண்படுத்துவதைக் கவிஞர் லாங்ஸ்ரன் ஹியூஸ் 1932இலேயே எடுத்துச் சொன்னார்.

சொன்னால் மட்டும் போதுமா? ஆசிரியைக்கு நாளைக் காலை வகுப்பில் வாசிக்க ஒரு புத்தகம் வேண்டுமே! அந்தத் தேவைக்கு முகங்கொடுத்தவர்கள் இரு நூலகப் பெண்மணிகள்.

ஒருவர் சார்லமே றோலின்ஸ். சிக்காகோ நகரில் 1932இல் திறக்கப்பட்ட ஹோல் கிளை நூலகத்தின் சிறுவர் பகுதிக்குப் பொறுப்பாயிருந்தவர். ஆரம்பப் பாடசாலைகளுக்கும் உயர் பாடசாலைகளுக்கும் பயன்படும் நூல்களைத் தெரிந்து அவர் தொகுத்த கைந்நூலை, ஆங்கில ஆசிரியர்களின் தேசிய மன்றம் 1941இல் வெளியிட்டது. 'நாம் சேர்ந்து கட்டுகிறோம்' என்ற பொருள்பட அதற்குப் பெயர். அது வெறும் பெயர்ப்பட்டியல் அன்று. ஒரு நூலைக் கையில் எடுத்தால் அதன் மொழியை எப்படிப் பார்ப்பது, படங்களை எப்படிப் பார்ப்பது, கருப்பொருளை எப்படி எடைபோடுவது என்று ஆசிரியர்களுக்குக் கற்பித்தது.

மற்றவர் ஒகஸ்ரா பேக்கர். நியூயோர்க்கின் ஹார்லம் பகுதியில் 135ஆம் வீதிக் கிளை நூலகத்தில் 1937இல் சிறுவர் நூலகராகச் சேர்ந்தார். இறாக்கைகளைத் துருவிப் பார்த்தார். கறுப்பினப் பிள்ளை நிமிர்ந்து பார்த்து வாசிக்கத்தக்க நூல்கள் மிகச் சிலவே. 1939இல் அத்தகைய நூல்களுக்கென ஒரு தனிச் சேகரத்தைத் தொடங்கினார். 1946இல் அதன் பட்டியல் அச்சாகியது. பதிப்பாளர்களிடமும் எழுத்தாளர்களிடமும் இல்லாதவற்றை எழுதித் தரும்படி வாதாடினார். பட்டியலின் பெரும் பயன் இதுவே என்பேன். இருப்பதைச் சொல்லும்போது இல்லாததையும் அது அம்பலமாக்கிவிடுகிறது.

அந்த இல்லாமை எவ்வளவு என்பதை எண்ணிக் காட்டியவர் நான்சி லாறிக். 1962 முதல் 1964 வரை அமெரிக்காவில் வெளிவந்த 5,206 சிறுவர் நூல்களை அவர் கணக்கெடுத்தார். கறுப்பினத்தவர் ஒருவரேனும் இடம்பெற்றவை 349 மட்டுமே. அதாவது நூற்றுக்கு 6.7. அன்றைய கறுப்பின மக்களின் வாழ்வைச் சொன்ன கதைகளோ நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. 1965இல் 'சற்றடே றிவியூ' இதழில் வந்த அவரது கட்டுரை பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. அதே ஆண்டில் பாடசாலை நூலகங்களுக்கு நூல் வாங்க மத்திய அரசு சட்டமியற்றிப் பணம் ஒதுக்கியது. பணம் வந்ததும் பதிப்பாளர்களின் காதும் திறந்தது.

ஆயினும் எண்ணிக்கை மட்டும் போதாது. 1962இல் வெளிவந்த எஸ்ரா ஜக் கீற்ஸின் 'பனி நாள்' என்னும் படநூலில், சிவப்பு உடை அணிந்த கறுப்பினச் சிறுவன் பீற்றர் பனியில் விளையாடுகிறான். மறு ஆண்டே அது கல்டெகொட் பதக்கம் பெற்றது. அந்த நூலிலும் தாயின் உருவத்தில் பழைய கேலிச் சாயல் இருப்பதாக லாறிக் குறை கண்டார். பதக்கம் பெற்ற நூலையும் தட்டிப் பார்க்கும் அந்தத் துணிவு எனக்குப் பிடிக்கும்.

நூல்களை இப்படி விலக்குவது தடை செய்வதாகாதா என்று சிலர் கேட்பர். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட எங்களுக்கு இது சாதாரணக் கேள்வியல்ல. ஆனால் நூலகம் வேறு, வகுப்பறை மூலை வேறு. மூலையில் நாற்பது புத்தகங்களுக்குத்தான் இடம். நாற்பதைத் தெரிந்தெடுப்பவன் மற்றெல்லாவற்றையும் வெளியே விட்டே ஆகவேண்டும். எதை வைத்துத் தெரிந்தெடுக்கிறோம் என்பதே கேள்வி. நான் தாளின் வழவழப்பை வைத்துத் தெரிந்தெடுத்தேன்.

றூடின் சிம்ஸ் பிஷப் என்னும் பேராசிரியை 1990இல் எழுதிய கட்டுரையில், நூல்கள் கண்ணாடியாகவும் சாளரமாகவும் இருக்க வேண்டும் என்றார். பிள்ளை தன் முகத்தையும் காண வேண்டும், பிறர் உலகையும் காண வேண்டும். என் கடற்கரைச் சிறுவனுக்குச் சாளரங்கள் நிறையக் கிடைத்தன. கண்ணாடி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

ஆகவே பனிப் புத்தகங்களை நான் அகற்றவில்லை. அவற்றின் அருகே நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் சிறுவர் பாடல்களை வைத்தேன். வலை, வள்ளம், கருவாட்டுப் பந்தல் என்று பிள்ளைகள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். படம் அவர்கள் கீறினார்கள். வலைநூலால் தைத்து அவற்றையும் அடுக்கினேன். பிள்ளைகளின் கைபட்டு முதலில் கிழிந்தவை அவைதாம்.

கேட்டுக்கொண்டிருப்பவர்களில் ஆசிரியர்கள் இருப்பீர்கள். நாளைக்கு உங்கள் வாசிப்பு மூலையில் உள்ள புத்தகங்களை எடுத்துவைத்து ஒருமுறை எண்ணிப் பாருங்கள். உங்கள் வகுப்பின் எந்தப் பிள்ளை அவற்றில் எங்குமே இல்லை என்று பாருங்கள். அந்தப் பெயரோடு உங்கள் பட்டியலைத் தொடங்குங்கள்.