ஷூ தைத்த மூன்று இயந்திரங்கள்



தையல் இயந்திரம் என்றதும் நமக்குத் துணிதான் நினைவுக்கு வரும். தோல் தைக்க வந்த இயந்திரங்களின் கதை இன்னும் சுவாரசியமானது. நம் வணிகவியல் புத்தகத்தில் வரும் குத்தகை, ராயல்டி, ஏகபோகம் மூன்றும் அதில் உண்டு. கதை நடக்கும் இடம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள லின் என்ற ஊர்.

முதலில் கைத்தையலைப் பார்ப்போம். தோலில் குத்தூசியால் துளை போட்டு, மெழுகு தேய்த்த ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒரே துளைக்குள் இரண்டு பக்கமிருந்தும் இழுப்பார்கள். எங்காவது ஒரு பக்க நூல் அறுந்தாலும் மறுபக்க நூல் தையலைப் பிடித்துக்கொள்ளும். இயந்திரத் தையல் அப்படியல்ல. மேல்நூலும் அடிநூலும் தோலின் நடுவே ஒன்றை ஒன்று கொக்கி போட்டு நிற்கும். ஒன்று அறுந்தால் பக்கத்துத் தையலும் தளர ஆரம்பிக்கும். உறுதியில் கை ஜெயிக்கும், வேகத்தில் இயந்திரம் ஜெயிக்கும்.

லின் நகரில் பெண்கள் வீட்டிலிருந்தே ஷூவின் மேல்தோலைத் தைத்துக் கொடுப்பார்கள். ஆண்கள் சிறு கொட்டகைகளில் அதற்கு அடித்தோல் பொருத்துவார்கள். எலியாஸ் ஹோவ் 1846-ல் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1852-ல் ஜான் நிக்கோல்ஸ் என்பவர் இந்த வகை இயந்திரத்தைத் தோலுக்கு ஏற்றபடி மாற்றினார். இதுதான் முதல் இயந்திரம். மேல்தோல் மெல்லியது என்பதால் வேலை சுலபமாக முடிந்தது. வீட்டு வேலை மெல்ல மெல்லத் தொழிற்சாலைக்குப் போனது. 1857 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கூலியும் இறங்க, 1860 பிப்ரவரி 22 அன்று லின் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மார்ச் 7 அன்று பெண்கள் பனியில் ஊர்வலம் போனார்கள்.

அடுத்த சிக்கல் அடித்தோல். அது தடிமனானது. அதோடு, மூடிய ஷூவுக்குள் ஊசி எப்படிப் போகும்? ஷூவை மாட்டிவைக்க ஒரு கொம்பு போன்ற கையை அமைத்து, 1858-ல் லைமன் பிளேக் இதற்கு வழி கண்டார். அந்த உரிமையை வாங்கிய கோர்டன் மெக்கே, இயந்திரத்தை விற்காமல் குத்தகைக்கு விட்டார். தைக்கும் ஒவ்வொரு ஜோடிக்கும் ராயல்டி! 1861-65 உள்நாட்டுப் போரில் ராணுவத்துக்கு ஷூ தேவைப்பட, பணம் கொட்டியது.

ஆனாலும் ஒரு வேலை மட்டும் கையை விட்டுப் போகவில்லை. கால் வடிவ மரக்கட்டையின் மேல் தோலைக் குறடால் இழுத்து, முனையில் சுருக்கம் விழாமல் மடித்து, ஆணி அடிக்க வேண்டும். ஒரு தேர்ந்த தொழிலாளி நாளுக்குச் சுமார் 50 ஜோடி செய்வார். இதை இயந்திரத்தால் செய்யவே முடியாது என்று எல்லோரும் நம்பினார்கள்.

தென் அமெரிக்காவின் சுரினாமில் 1852-ல் பிறந்த யான் மாட்செலிகர் 1877-ல் லின் வந்தார். கறுப்பினத் தாய்க்கும் டச்சுத் தந்தைக்கும் பிறந்தவர். பகலில் மெக்கே இயந்திரத்தில் வேலை. இரவில் ஆங்கிலம் படிப்பதும், சுருட்டுப் பெட்டித் துண்டுகளையும் கம்பியையும் வைத்து மாதிரி செய்வதும்தான். கைவேலைக்காரர்களின் ஒவ்வொரு அசைவையும் கவனித்து, அதையே இரும்பில் கொண்டுவந்தார். 1883 மார்ச் 20 அன்று காப்புரிமை கிடைத்தது. இயந்திரம் நாளுக்கு 150 முதல் 700 ஜோடி வரை முடித்தது.

லாபம்? முதலீட்டுக்காக ஏற்கெனவே மூன்றில் இரண்டு பங்கு உரிமையை இரண்டு பேருக்குக் கொடுத்திருந்தார். 1889-ல் காசநோயால் இறந்தபோது வயது 36. நிறத்தைக் காட்டி மற்ற சபைகள் ஒதுக்கிய ஊரில், தன்னை ஏற்றுக்கொண்ட ஒரு தேவாலயத்துக்குத் தன் பங்குகளில் ஒரு பகுதியை எழுதிவைத்திருந்தார்.

1899-ல் பெரிய ஷூ இயந்திர நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து யுனைட்டட் ஷூ மெஷினரி ஆயின. மெக்கேயின் குத்தகை முறை அப்படியே தொடர்ந்தது. 'குத்தகை மட்டும் கூடாது, விலைக்கும் கொடுக்க வேண்டும்' என்று நீதிமன்றம் சொல்ல 1953 ஆனது. கண்டுபிடித்தவனைவிட, வாடகைக்கு விட்டவன்தான் அதிகம் சம்பாதித்தான் என்பதுதான் இதில் எனக்குத் தெரிந்த கணக்கு.

இன்று பல ஷூக்களில் அடிப்பாகத்துக்குப் பசைதான். தோல் ஷூ வாங்கும்போது உள்ளே பாதம் படும் தோலில் தையல் வரிசை தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால், பெரும்பாலும் பிளேக்கின் முறை. முனையில் தோல் சுருக்கமில்லாமல் வளைந்திருந்தால், மாட்செலிகரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.