பொன் செய்தவரின் வறுமை

கொல்கத்தாத் திரையுலகில் திறமைக்கேற்ற பொருள் சேர்ந்தது என்று கொள்வதற்குத் துளசி சக்கரவர்த்தியின் வாழ்க்கை இடந்தராது. 1899இல் பிறந்து, ஸ்டார் தியேட்டர் மேடையில் பயின்று, 1932இல் திரைக்கு வந்தவர் அவர். அதன்பின் கால் நூற்றாண்டும் பெரும்பாலும் சிறு வேடங்களே. ‘பதேர் பாஞ்சாலி’யில் (1955) மளிகைக் கடையில் அமர்ந்தவாறே பள்ளி நடத்தும் வாத்தியாராகச் சில நிமிடங்களே வருவார், பார்த்தவர் மறவார்.

1953இல் வெளியான ‘சாரே சுவாத்தர்’ படத்தின் நகைச்சுவையைத் தாங்கியவர்கள், விடுதி உரிமையாளராக வந்த அவரும் மனைவியாக நடித்த மொலினா தேவியுமே. ஆயினும் அப்படத்தால் சந்தை மதிப்பு உயர்ந்தது இளஞ்சோடியான உத்தம் குமாருக்கும் சுசித்ரா சென்னுக்கும்தான். நட்சத்திர முறையின் கணக்கு அத்தகையது.

1958இல் சத்யஜித் ராய் ‘பரஷ் பாதர்’ படத்தில் அவரைக் கதாநாயகராக்கினார். இரும்பைப் பொன்னாக்கும் கல் கிடைத்த ஏழைக் குமாஸ்தா வேடம்! படம் கான் விழாப் போட்டிக்கும் சென்றது. அவருக்கோ பழைய சிறு வேடங்களே தொடர்ந்தன. தமிழில் சந்திரபாபு ஈட்டி இழந்தவர். இவர் ஈட்டவே இல்லை. 1961 டிசம்பர் 11 அன்று வறிய நிலையிலேயே மறைந்தார். அவருக்குப்பின் மனைவி பட்ட பாடு வங்காளத்தில் இன்றும் பேசப்படுகிறது.