குசினிக்குள் வந்த கல்: அம்மியிலிருந்து சிங்க் வரை

குசினி எங்கட சொல் இல்ல. போர்த்துக்கேயரின் 'கொசீஞ்ஞா' தான் நம்ம வாயில் குசினியாச்சு. 1628ல் மட்டக்களப்பில் கோட்டை கட்டியவர்கள் பத்து வருசத்தில், 1638ல், அதை ஒல்லாந்தரிடம் விட்டுப் போனார்கள். ஆனால் இந்தத் தீவில் அவர்கள் விட்டுப்போன சொற்கள் வீட்டைவிட்டு வெளியே போகவே இல்ல: குசினி, மேசை, அலுமாரி, யன்னல், வாங்கு. சிட்னியிலும் மெல்பேர்னிலும் இருக்கிற நம்ம ஆக்கள் 'பெஞ்ச்டொப்' என்று சொல்லும்போது எங்களுக்கு அந்த வாங்குதான் ஞாபகம் வரும். சிங்குக்கு மட்டும் இதுவரைக்கும் வீட்டில் புழங்குகிற தமிழ்ச் சொல் வரல்ல. கழுவுதொட்டி என்று யாரும் சொல்லிக் கேட்டதில்ல. அந்தச் சாமான் குசினிக்குள்ள எவ்வளவு பிந்தி வந்தது என்பதற்கு இதுவே ஒரு சாட்சி.

இப்ப கிரான் பக்கம் புதுசா வீடு கட்டுறவங்க மேசனிடம் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கு. கிரனைட் போட்டாச்சு, சிங்கை கல்லுக்கு மேல வைக்கிறதா, கீழ வைக்கிறதா? யூடியூப்பில் ஆயிரம் வீடியோ கிடக்கு. எல்லாம் வேற ஊர்க் குசினிக்குப் பதில் சொல்லுது. நாங்க இதைக் கொஞ்சம் பின்னால போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தோம்.

கல் நம்ம குசினிக்குப் புதுசில்ல. அம்மியும் குழவியும் ஆட்டுக்கல்லும் கல்தான். கிணத்தடியில் உடுப்புத் தோய்க்கிறதும் ஒரு கல்லில்தான். எழுவான்கரையில் எங்கே தோண்டினாலும் மணல். கல் என்பது வெளியிலிருந்து வரவேண்டிய சாமான். மேற்கே படுவான்கரைப் பக்கம் போனால்தான் ஊர்ப்பெயரிலேயே கல் வருது: புலிபாய்ந்தகல், தொப்பிகல. நாம குடும்பிமலை என்று சொல்வதும் அந்தத் தொப்பிகலயைத்தான். மணல் ஊருக்கு வந்த கல்லை யாரும் லேசில் தூக்கி எறியமாட்டாங்க. தேய்ந்தால் கொத்திவிட்டு மறுபடி அரைப்பாங்க. அம்மம்மாவின் அம்மியில் பேத்தி அரைக்கிற வீடுகள் இருந்தன.

பழைய குசினியில் வேலை எல்லாம் இருந்துகொண்டுதான். துருவலையில் இருந்து தேங்காய் துருவுறது, நிலத்தில் இருந்து வெங்காயம் உரிக்கிறது, அடுப்படியில் குந்தியிருந்து ஊதுறது. குசினி வீட்டோடு ஒட்டாமல் தனியா, கிடுகுக் கூரையோட இருக்கும். நெருப்புப் பயம்தான் காரணம். கழுவுற வேலை மட்டும் குசினிக்குள்ள இல்ல, கிணத்தடியில். மீன் ஆயிறதும் அங்கதான், கரிச்சட்டியைச் சாம்பலும் தும்பும் போட்டுத் தேய்க்கிறதும் அங்கதான். கழுவின தண்ணி தானா வாழையடிக்குப் போயிரும், காகமும் பூனையும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். இதைப் பார்த்து 'அந்தக் காலம் எவ்வளவு அழகு' என்று எழுதுறவங்களோட எங்களுக்கு உடன்பாடில்ல. அம்பது வருசம் குனிந்து கழுவின முதுகு என்ன ஆச்சு என்று வீட்டிலுள்ள அம்மம்மாவிடம் கேட்டுப் பாருங்க.

உலகத்தில் மற்ற இடத்திலும் இந்தக் கணக்கைப் பெண்கள்தான் முதலில் போட்டார்கள். 1926ல் ஜெர்மனியின் பிராங்போர்ட் நகரத்தில் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹொட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் ஒரு சின்னக் குசினியை வரைந்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். எத்தனை அடி நடக்கணும், எங்கே குனியணும் என்று அளந்து அளந்து வரைந்தது. அப்படிச் சுமார் 10,000 குசினிகள் கட்டப்பட்டன. சுவரோரமா ஒரே உயரத்தில் தட்டு, அதிலேயே சிங்க் என்று இன்றைக்கு நாம பார்க்கிற குசினிக்கு அது ஒரு மூத்த அக்கா. அதற்கு 13 வருசம் முன்னால், 1913ல், இங்கிலாந்தின் ஷெபீல்டில் ஹரி ப்ரேர்லி துருப்பிடிக்காத உருக்கைச் செய்திருந்தார். அவர் தேடினது சிங்குக்கு இல்ல, துவக்குக் குழாய்க்கு. அந்த உலோகத்தைத்தான் நாம 'சில்வர்' என்று சொல்லிக் கொண்டிருக்கிறோம். அதில் வெள்ளி ஒரு துளியும் இல்ல. இரும்போட சேர்ந்த குரோமியமும் நிக்கலும்தான்.

சரி, அது எப்படி கிரானுக்கு வந்தது?

மட்டக்களப்புப் பக்கம் கல்யாணம் முடிச்சா மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வாறது. வீடு மகளுக்குச் சீதனம். டெனிஸ் மக்கில்வ்ரே என்ற மானிடவியலாளர் கிழக்குக் கரை தமிழ், முஸ்லிம் சமூகங்களைப் பற்றி 2008ல் வெளியிட்ட புத்தகத்தில் இந்தத் தாய்வழி முறையை விரிவா எழுதியிருக்கிறார். நமக்குப் புத்தகம் தேவையில்ல, பக்கத்து வளவைப் பார்த்தாலே போதும். அதனால் இங்க ஒரு வீடு கட்டப்படுது என்றால், ஒரு பிள்ளைக்காகத் தாயும் தகப்பனும், பல வீடுகளில் தாய் மட்டும், உழைத்த கதை அதற்குள்ள இருக்கு. 1970களின் கடைசியிலிருந்து இலங்கைப் பெண்கள் மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகமே 1985ல்தான் வந்தது. குவைத்திலும் சவூதியிலும் பளிங்குத் தட்டுக்கு முன்னால் நின்று, மற்றவங்கட பாத்திரத்தைக் கழுவின பெண்கள், திரும்பி வந்து மகளுக்குக் கட்டின வீட்டில் அதே தட்டையும் அதே சிங்கையும் வைத்தார்கள். 'கிரனைட் எதுக்கு, வீண் பகட்டு' என்று ஆண்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். அந்தக் கல்லுக்கு முன்னால் எத்தனை வருசம் நின்றவள் என்று தெரிந்தால் அப்படிச் சொல்ல வாய் வராது.

இடையில் எத்தனை குசினி போச்சு. 1978 நவம்பர் 23ந் திகதிச் சூறாவளி, 2004 டிசம்பர் 26 சுனாமி, 2006லும் 2007லும் சனம் எல்லாத்தையும் விட்டுட்டு ஓடின ஓட்டம். முகாமில் குசினி என்பது தறப்பாளுக்குக் கீழ மூன்று கல். மறுகா வீட்டுத் திட்டங்கள் வந்தன. இந்திய வீட்டுத் திட்டத்தில் வடக்கு கிழக்கில் ஒரு வீட்டுக்குக் கிடைத்தது 550,000 ரூபாய், அதுவும் கட்டம் கட்டமா. அந்தக் காசில் சுவரும் கூரையும் எழும்பும், கிரனைட் எழும்பாது. அதனால்தான் பல வீடுகளில் குசினி கடைசியா, வெளிநாட்டுக் காசு வந்த பிறகு, தனியா முடிக்கப்பட்டது. முதலில் கொங்கிறீட் தட்டு, கொஞ்ச வருசத்தில் மாபிள் ஒட்டு, அதற்குப் பிறகு கல்.

சிங்க் தனியா வரவும் இல்ல. முதலில் கரண்ட் வரணும், பிறகு கிணத்துக்கு மோட்டர், மேல தாங்கி, அதிலிருந்து பைப். இவ்வளவும் வந்த பிறகுதான் சிங்க். கழுவின தண்ணியைக் கொண்டுபோக ஒரு வழியும் வேணும். சில வீடுகளில் பைப்பைச் சுவருக்கு வெளியே நீட்டி வாழையடியில் விட்டிருக்கிறார்கள். பார்க்க வடிவில்ல, ஆனால் வாழை சந்தோசமா நிற்குது.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். கொங்கிறீட் தட்டில் மாபிள் ஒட்டியிருந்தால் பேச்சே இல்ல, சிங்க் மேலதான். விளிம்பு மாபிளை மூடணும், இல்லாவிட்டால் வெட்டின ஓரத்தால் தண்ணி இறங்கி மாபிள் கழன்று வரும். முழுக் கல் என்றால் கீழேயும் வைக்கலாம். தட்டில் சிந்தினதை அப்படியே உள்ளே வழித்து விடலாம், பார்க்கவும் அழகு. ஆனால் வெட்டின ஓரம் வெளியே தெரியும், அதைத் தட்டைப்போல மினுக்கணும். சிங்க் முழுக்கத் தண்ணி நிரம்பினால் 40, 50 கிலோ பாரம் தொங்கும். பசையை மட்டும் நம்பி விட்டால் ஒருநாள் கீழே இருக்கும், அதனால் அடியில் தாங்குசட்டம் கட்டாயம். இன்னொன்று, கழுவுற கை வேலை செய்வது சிங்கின் அடியில். தட்டு 36 அங்குலம், சிங்க் 9 அங்குல ஆழம், அதையும் கல்லுக்குக் கீழ தொங்கவிட்டால், நின்றுகொண்டே மறுபடி குனிகிற வேலை. கிணத்தடியை விட்டு வந்தது எதுக்கு? எங்கட அபிப்பிராயம்: கல்லுக்கு மேல, ஒற்றைத் தொட்டி, அகலமா, ஆழம் எட்டு அங்குலத்தைத் தாண்டாமல். சோத்துப் பானையை வெளியே கழுவலாம். எப்படியும் விறகடுப்புக் கரிச்சட்டியை அந்தச் சிங்குக்குள்ள போடப்போவதில்ல, மண்ணும் கரியும் சில்வரைக் கீறிவிடும். முன் குசினியில் காஸ், பின் குசினியில் விறகு என்று இரண்டு வைத்திருந்தவங்களைப் பார்த்துச் சிரித்தவங்க, 2022ல் காஸ் இல்லாமல் வரிசையில் நின்றபோது சிரிக்கல்ல.

சிங்கைக் கடையில் காந்தம் வைத்துப் பார்ப்பதைப் பெரிய பரீட்சை என்று நினைக்கிறார்கள். 304 ரகமும் காந்தத்தில் ஒட்டாது, அதைவிட மலிவான 202 ரகமும் ஒட்டாது. வித்தியாசம் நிக்கலில். வாவிக்கரைக் கிணறுகளில் உவர் ஏறும் இடங்களில், நிக்கல் குறைந்தது புள்ளி புள்ளியா அரித்துப்போகும். ரக இலக்கம் அடித்திருக்கா என்று பார்த்து, பில்லிலும் எழுதி வாங்குங்க. கல்லிலும் இதே கதை. பளிங்குக்குத் தேசிக்காயும் புளியும் ஆகாது, புளிப்பு பட்ட இடம் மங்கிப்போகும். கிரனைட் புளிப்பைத் தாங்கும், ஆனால் மஞ்சளையும் எண்ணெயையும் கொஞ்சம் கொஞ்சமா குடிக்கும். வெளிறிய நிறக் கல்லைக் கேட்கிற பிள்ளைகளுக்கு, ஒரு வருசம் மீன் குழம்பு ஆக்கின பிறகு பேசுவோம் என்றுதான் சொல்லணும்.

அந்தக் கல் எங்கிருந்து வருது? கடைகளில் இருக்கும் கறுப்புக் கல்லில் நிறைய இந்தியாவிலிருந்து வருபவை. வெள்ளிப் பொட்டு வைத்த மாதிரி மினுங்குகிற கறுப்பு, ஆந்திராவின் சீமகுர்த்திப் பக்கத்துக் கல். தமிழ்நாட்டில் மதுரைக்குக் கிட்ட மேலூர்ப் பகுதியில் மலைகளையே வெட்டினார்கள். அப்போது மதுரை ஆட்சியராக இருந்த சகாயம் 2012ல் கொடுத்த அறிக்கையில் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று எழுதினார். 2014ல் சென்னை உயர் நீதிமன்றம் அவரையே விசாரணை ஆணையராக நியமித்தது. நம்ம குசினித் தட்டு எந்த மலையின் துண்டு என்று கடைக்காரர் சொல்லமாட்டார். கேட்டால் நிறத்தின் பெயரைத்தான் சொல்லுவார்.

அவுஸ்திரேலியாவில் இருக்கிற உறவுகள் அனுப்புகிற படங்களில் இருப்பது பெரும்பாலும் மலைக்கல் இல்ல. கல்தூளைப் பிசினில் குழைத்து அழுத்தின செயற்கைக் கல். அதில் சிலிக்கா 90 வீதத்தைத் தாண்டும். கிரனைட்டில் அதில் பாதியும் வராது, பளிங்கில் மிகக் குறைவு. அதை வெட்டின இளம் தொழிலாளர்களுக்கு, முப்பது வயசிலும் நாப்பது வயசிலும், நுரையீரல் கல்லாகிப்போற சிலிக்கோசிஸ் வந்தது. மாற்ற மருந்தில்லாத நோய். 2023 டிசம்பரில் முடிவெடுத்து, 2024 ஜூலை 1 முதல் அவுஸ்திரேலியா அந்தக் கல்லைத் தடை செய்தது. உலகத்தில் முதல் நாடு அதுதான்.

கிரனைட்டில் சிலிக்கா குறைவு என்றாலும் இல்லாமலில்ல. சிங்குக்கு ஓட்டை வெட்டுகிற நாளில் நம்ம வளவில் என்ன நடக்குது? ஒரு தம்பி முகத்தில் லேஞ்சியைக் கட்டிக்கொண்டு, கிரைண்டரை உலர்வாப் பிடித்து வெட்டுவான். வெள்ளைப் புகை மாதிரித் தூசி எழும்பி, காய்ந்துகொண்டிருக்கிற உடுப்பிலும் திண்ணையில் விளையாடுகிற பிள்ளையிலும் படியும். கண்ணுக்குத் தெரிகிற தூசியைவிடத் தெரியாத தூசிதான் உள்ளே போகிறது, லேஞ்சி அதைத் தடுக்காது. கல்லுக் கடையிலேயே தண்ணி விட்டு வெட்டுகிற மெசினில் ஓட்டையைப் போட்டுக் கொண்டுவர முடிந்தால் அதுதான் நல்லது. அதற்குச் சிங்கை முதலில் வாங்கி, அளவைக் கடைக்குக் கொடுக்கணும். வீட்டில்தான் வெட்டணும் என்றால், தண்ணி விட்டு வெட்டுவதற்கென்றே செய்த மெசினைக் கொண்டுவரச் சொல்லுங்க. சும்மா கரண்ட் கிரைண்டரில் தண்ணியை ஊத்தினால் ஷொக் அடிக்கும். துணி லேஞ்சிக்குப் பதிலா தூசுக்கான முகமூடி வாங்கிக் கொடுங்க. பிள்ளைகளை அந்த ரெண்டு மணித்தியாலமும் பக்கத்து வளவுக்கு அனுப்புங்க. மேசன் 'இதெல்லாம் எங்களுக்குப் பழக்கம் தங்கச்சி' என்று சொல்லுவார். சொன்னாலும் கேட்கவேண்டாம்.