கழிவுநீர்க் குழாய்க்கு எதற்கு மூச்சு?

லோதி ரோட்டு நூலகத்திலிருந்து மாலையில் திரும்பும்போது லோதி காலனியின் பின்சந்துகள் வழியே நடப்பது என் வழக்கம். 1940களில் அரசு ஊழியர்களுக்காக எழுந்த குடியிருப்பு அது. சுவரோவியம் காண வருவோர் முன்சுவர்களைப் படமெடுக்கின்றனர். என் கண் பின்சுவரின் வார்ப்பிரும்புக் குழாய்களில் நிற்கும். அவற்றுள் ஒன்று மொட்டைமாடியைத் தாண்டி உயர்ந்து வானை நோக்கித் திறந்திருக்கிறது. அதன் வழியே நீர் இறங்குவதில்லை. அது காற்றுக்கான குழாய்.

அதன் வேலையை அறிய, கழிப்பறைக்குக் கீழே வளைந்து செல்லும் குழாயைப் பார்க்கவேண்டும். அவ்வளைவில் எப்போதும் தேங்கியிருக்கும் ஓரிரு அங்குல நீரே சாக்கடைக் காற்றை வீட்டுக்குள் வரவிடாத கதவு. 1775இல் அலெக்சாண்டர் கம்மிங் காப்புரிமை பெற்ற வளைவு அது. ஆனால் பலமாடி வீட்டில் மேல்தளத்து நீர் விழும்போது முன்னுள்ள காற்றைத் தள்ளுகிறது. பின்னே வெற்றிடத்தை விட்டுச் செல்கிறது. அவ்வெற்றிடம் இடைத்தளத்து வளைவின் நீரை உறிஞ்சிவிடக்கூடும். காற்றுக்குழாய் இருந்தால் அதன் வழியே காற்று வந்து நிரப்பும், நீர் அசையாது.

இக்குழாயின் வரலாறு விந்தையானது. 1871இல் வேல்ஸ் இளவரசர் டைபாய்டால் உயிருக்குப் போராடியபோது, அவர் தங்கிய மாளிகையின் சாக்கடைக் காற்றின்மீது பழி விழுந்தது. நாற்றமே நோய் என நம்பிய காலம். அவ்வச்சம் உச்சத்திலிருந்த 1877இல் ஸ்டீவன்ஸ் ஹெல்லியர் வீட்டுக் கழிவுநீர் அமைப்பைப் பற்றித் தனி நூலே எழுதினார். டைபாய்டுக்குக் காரணம் நுண்ணுயிர் எனப் பின்னர்த் தெளிவாயிற்று. கோட்பாடு வீழ்ந்தது, குழாய் நிலைத்தது. ஆங்கிலேயரின் கட்டட விதிகளோடு அது தில்லிக்கும் வந்தது.

மொழியியல் பயின்றவனாதலால் சொற்களையும் தேடினேன். வஞ்சி நகரத்து அகழியைச் சொல்லுமிடத்தில் மணிமேகலை, மனைகளின் குளியல் நீர் ‘சுருங்கைத் தூம்பு’ வழியே வந்து சேர்வதைக் குறிக்கிறது. சுருங்கை என்பதைக் கிரேக்கத்தின் ‘சிரிங்ஸ்’ என்னும் சொல்லோடு அறிஞர் இணைப்பர். அச்சொல்லுக்குப் புல்லாங்குழல், நிலத்தடி வழி என இரு பொருள்களும் உண்டு. தூம்பும் அவ்வாறே: மணிமேகலையில் நீர் செல்லும் வழி, மலைபடுகடாத்தில் யானையின் உயிர்ப்பைப்போல ஒலிக்கும் இசைக்கருவி. நீரும் மூச்சும் ஒரே சொல்லில் இருந்தன.

இன்று அவை பிரிந்துவிட்டன. நான் குடியிருக்கும் பழைய வீட்டில் அண்மையில் இரண்டு தளங்கள் ஏற்றப்பட்டன. மேலே குளியலறைகள் கூடின. பழைய காற்றுக்குழாய் புதுச் சுவருக்குள் மூடப்பட்டது. “காற்றுக்கு எதற்குத் தனிக் குழாய்?” என்றார் ஒப்பந்ததாரர். சில வாரங்களில் என் தளத்துக் குளியலறையிலிருந்து, மேலே தண்ணீர் திறக்கும்போதெல்லாம், கொப்பளிக்கும் ஓசை கேட்டது. அதன்பின் நாற்றம்.

இது வெறும் நாற்றச் சிக்கலன்று. 2003இல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் அடுக்ககத்தில் 300க்கும் மேற்பட்டோர் சார்ஸ் நோய்க்கு ஆளாயினர். குளியலறைத் தரையின் வளைகுழாய்களில் நீர் வற்றியிருந்ததும், காற்றாடிகள் கழிவுக்குழாயின் காற்றை உள்ளிழுத்ததும் காரணங்களுள் அடங்கும் என அரசின் ஆய்வு கண்டது. அங்கே நீர் வற்றியது பயன்படுத்தாமையால், இங்கே உறிஞ்சப்படுகிறது. இரண்டிலும் திறந்துகொள்வது ஒரே கதவுதான்.

ஆகவே, வீட்டின்மேல் தளம் ஏற்றுவோர் வரைபடத்தில் ஒன்றை மட்டுமாவது கேளுங்கள்: காற்றுக்குழாய் எங்கே முடிகிறது? விடை ‘மொட்டைமாடிக்கு மேலே, திறந்தவெளியில்’ என்றிருக்கவேண்டும். புழங்காத குளியலறை இருந்தால் வாரம் ஒருமுறை அதன் தரைத்துளையில் ஒரு குவளை நீர் ஊற்றுங்கள். வட்டார வழக்கில் இக்குழாய்க்கு வேறு பெயர் உண்டெனில் எழுதுங்கள், தொகுத்து வருகிறேன்.