அக்னியூவின் தலைப்பாகை

பசுவந்தனையிலிருந்து தெற்கே ஓட்டப்பிடாரம் வழியாகப் போனால் பஞ்சாலங்குறிச்சி. எங்க ஊர்க்காரர்களுக்கு அது பக்கத்து ஊர் மாதிரிதான். 1799 அக்டோபரில் கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டது, 1801இல் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து இடிந்த கோட்டையை மறுபடி எழுப்பியது, அதே வருஷம் மே 24இல் அந்தக் கோட்டையும் விழுந்தது எல்லாம் இங்கே பள்ளிக்கூடம் போகும் முன்பே காதில் விழுந்துவிடும். கடைசித் தாக்குதலை நடத்திய கும்பினி அதிகாரியின் பெயர் அக்னியூ. கதை சொல்கிறவர்கள் அவனைக் கோட்டை வாசலோடு விட்டுவிடுவார்கள். கோட்டையைப் பிடித்தான், மருது சகோதரர்களைத் தேடிப் போனான், கதை முடிந்தது.

அந்த ஆள் அதன்பிறகு என்ன ஆனான் என்று தேடிப் போனதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை. ஐந்து வருஷம் கழித்து, 1806இல், அவன் சென்னையில் அட்ஜுடன்ட் ஜெனரல். படையின் ஒழுங்கு, உத்தரவு, உடுப்பு எல்லாம் அவன் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த மேஜையிலிருந்து கிளம்பிய ஒரு தலைப்பாகைதான் வேலூர்க் கோட்டையில் நூற்றுக்கணக்கான பேரின் சாவுக்கு வழி போட்டது.

1

சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக். கவர்னர் வில்லியம் பெண்டிங்க். 1806 மார்ச்சில் படைக்குப் புதிய ஒழுங்குமுறை வந்தது. அதில் ஒரு சின்னப் பத்தி. சீருடையில் இருக்கும்போது சிப்பாய் நெற்றியில் சாதிக் குறி இடக்கூடாது. காதில் கடுக்கன் கூடாது. தாடையை மழித்திருக்க வேண்டும். மீசையின் அளவும் வடிவமும் கூடியவரை எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இதோடு சேர்ந்து வந்தது புதுத் தலைப்பாகை. அதில் தோலால் செய்த ஒரு வில்லை குத்தப்பட்டிருந்தது. பார்க்கத் துரைமார் தொப்பி மாதிரி இருந்தது. அக்னியூவின் தலைப்பாகை என்றே அதற்குப் பெயர் நின்றுவிட்டது.

அதிகாரிகளின் கண்ணில் இது வெறும் உடுப்பு விஷயம். அணிவகுப்பில் வரிசை அழகாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். சிப்பாயின் பக்கம் நின்று பாருங்கள். கடுக்கன் நகையாக வாங்கிப் போட்டதல்ல. எங்க பக்கம் இன்றைக்கும் குலதெய்வக் கோயிலில் முடி இறக்கி, தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துகிறோம். அழுகிற பிள்ளையை மாமன் அமுக்கிப் பிடித்திருப்பார். இந்தப் பிள்ளை இன்ன வீட்டுப் பிள்ளை, இன்ன சாமிக்கு உரியவன் என்று காதில் எழுதி வைக்கிற சடங்கு அது. அதைக் கழற்று என்கிறது காகிதம். தோல் வில்லை மாட்டுத்தோலா பன்றித்தோலா என்ற சந்தேகம் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் சேர்ந்தே வந்தது. தொப்பி போட்டவன் என்றால் வெள்ளைக்காரன், கிறிஸ்தவன் என்று அர்த்தமான காலம். இதைத் தலையில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போனால் வீட்டில் சோறு போடுவார்களா என்பதுதான் சிப்பாயின் கவலை.

மே மாதம் வேலூரில் இருந்த 4ஆம் ரெஜிமென்டின் இரண்டாம் பட்டாளம் தலைப்பாகையைத் தொட மறுத்தது. 21 பேரைப் பிடித்து விசாரித்தார்கள். ஒரு இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் கசையடி கொடுத்து வேலையை விட்டே துரத்தினார்கள். மற்ற 19 பேர் மன்னிப்புக் கேட்டுத் தப்பினார்கள். அந்தப் பட்டாளத்தை மாற்றிவிட்டு 23ஆம் ரெஜிமென்டின் இரண்டாம் பட்டாளத்தைக் கொண்டுவந்தார்கள். அதில் தெற்கத்திப் பாளையங்களிலிருந்து வந்தவர்கள் இருந்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். பாளையங்கள் ஒழிந்து, ஆயுதம் வைத்திருப்பதற்கே தடை வந்தபிறகு, வாளும் வேலும் தவிர வேறு தொழில் தெரியாதவனுக்குக் கும்பினிச் சம்பளம்தான் போக்கிடம். அப்படிப் போனவன் தலையில், தன் பக்கத்துக் கோட்டையை இடித்தவன் வடிவமைத்த தலைப்பாகை வந்து உட்கார்ந்தது. இதை எந்த நாவலாசிரியனும் எழுதத் தயங்குவான், ரொம்ப ஜோடனையாக இருக்கிறதென்று.

ஜூன் மாதமே முஸ்தபா பேக் என்ற சிப்பாய் கலகத் திட்டத்தை அதிகாரியிடம் போய்ச் சொன்னான். விசாரிக்கச் சொன்னது சுதேசி அதிகாரிகளையே. அவனைப் பைத்தியம் என்று சொல்லி அடைத்தார்கள்.

ஜூலை 10, விடியும் முன்பே துப்பாக்கி வெடித்தது. கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட் செத்தார். 69ஆம் ரெஜிமென்டின் வெள்ளைச் சிப்பாய்கள் நூற்றுக்கும் மேல் செத்தார்கள். கோட்டையில் சிறை வைக்கப்பட்டிருந்த திப்புவின் குடும்பத்தை நம்பி மைசூர்க் கொடி ஏறியது. சில மணி நேரத்தில் ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்தார். அரண்மனைக்குள் ஒளிந்திருந்த சுமார் 100 சிப்பாய்களை இழுத்துவந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். மொத்தம் செத்த சிப்பாய்கள் சுமார் 350 பேர்.

உத்தரவுகள் வாபஸ் ஆயின. கலகத்தில் இருந்த மூன்று பட்டாளங்களும் கலைக்கப்பட்டன. கிரடாக்கையும் பெண்டிங்கையும் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது. தலைப்பாகை மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். சம்பளம், அவமானம், திப்பு குடும்பத்தின் நம்பிக்கை எல்லாம் கலந்த வெடிமருந்து அது. நெருப்பு வைத்தது தலைப்பாகை.

2

எங்க பெரியப்பா ஒருத்தர் பட்டாளத்தில் இருந்தவர். கரிசக்காட்டில் மழை பொய்த்தால் வீட்டுக்கு ஒரு பையன் தீப்பெட்டி ஆபீசுக்கோ பட்டாளத்துக்கோ போவது பழைய வழக்கம். வேலூர்க் கதையை அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டுக் காதைத் தடவிக்கொண்டார். சின்ன வயசில் குத்திய ஓட்டை தூர்ந்துபோய்ப் புள்ளியாக இருந்தது.

“ஏலே, இப்பவும் அதான ரூலு. யூனிபார்ம்ல நிக்கும்போது நெத்தில துன்னூறு கூடாது, காதுல ஒண்ணும் கூடாது, தெனம் செரைக்கணும். நாங்க யாரும் சண்டைக்குப் போகலையே.”

எனக்குச் சுருக்கென்றது. உண்மைதானே. 1806இல் எந்தப் பத்திக்காக இத்தனை பேர் செத்தார்களோ, கிட்டத்தட்ட அதே பத்திக்கு இன்று எங்க ஊர்ப் பையன்கள் சந்தோஷமாகத் தலையாட்டுகிறார்கள். விடியக்காலை இருட்டில் ரோட்டில் ஓடிப் பயிற்சி எடுக்கிறார்கள். 2022இல் அக்னிபத் வந்து வேலை நான்கு வருஷம்தான் என்றான பிறகும் ஓட்டம் நிற்கவில்லை. கடுக்கனைக் கழற்று என்றால் அன்றைக்கே கழற்றுவான். விதி மாறவில்லை, வேறு எதுவோ மாறியிருக்கிறது.

பெரியப்பா பேச்சிலேயே அதற்குப் பதில் இருந்தது. “நெத்தில கூடாதுன்னாம்னா, கோயில் வேண்டாம்னு சொல்லலையே. லைனுக்குள்ளயே கோயில் உண்டு. பொங்கலுக்குப் பனிமலைல நின்னோம். கரும்பு கெடைக்காது. பால் பவுடரக் கரைச்சு ஊத்திப் பொங்க வச்சோம். பஞ்சாபிக்காரன்தான் முதல்ல தட்டத் தூக்கிட்டு வந்தான்.”

இந்திய ராணுவத்தில் மத ஆசிரியர் என்றே ஒரு பணி உண்டு. பண்டிட், மௌல்வி, பாதிரியார், கிரந்தி என்று ஆளெடுத்து, ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர் தகுதி கொடுத்து வைத்திருக்கிறார்கள். பல முகாம்களில் எல்லா மதத்துக்கும் ஒரே கூரை. ஆளெடுப்பு விளம்பரத்தில் பச்சை குத்தியிருப்பதற்குக் கட்டுப்பாடு இருக்கும், முன்கையின் உட்பக்கமும் புறங்கையும் தவிர வேறு இடத்தில் கூடாது. ஆனால் பழங்குடிகளின் வழக்கமான பச்சைக்கு விலக்கு உண்டு. வெலிங்டனைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் ரெஜிமென்ட் தன் பிறப்பை 1758இலிருந்து கணக்கிடுகிறது. தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் பேசுகிறவர்கள் கலந்த படை. அதன் போர்முழக்கம் ‘வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு’. 1806இல் சிப்பாயைப் பயமுறுத்திய கேள்வி, ‘நான் திரும்பி ஊருக்குப் போகும்போது நானாகவே இருப்பேனா’ என்பது. இன்று சேரும் பையனுக்கு அந்தப் பயம் இல்லை. நெற்றியைத் துடைத்தாலும் துடைத்ததை வைக்க ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. இன்றைய பையன் விதியைத் தெரிந்துகொண்டு சேருகிறான். 1806இன் சிப்பாய் வேறொரு பேச்சில் சேர்ந்தவன். நடுவில் பேச்சை மாற்றினார்கள், ஏன் என்று கேட்டவனுக்குக் கசையடி கொடுத்தார்கள்.

3

இதை ‘வெள்ளைக்காரன் கெடுத்தான், நாம் சரி செய்தோம்’ என்று முடித்தால் சுகமாக இருக்கும். அவ்வளவு லேசில்லை.

அந்த உத்தரவு துடைக்கச் சொன்னது சாதிக் குறியை. சிப்பாய் காப்பாற்ற நினைத்ததில் பக்தியோடு, நான் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவேன், யாரோடு மாட்டேன் என்பதும் இருந்தது. பிற்காலத்தில் பிரிட்டிஷ்காரர்கள் வேலூரிலும் 1857இலும் பாடம் படித்துக்கொண்டு, அடையாளத்தை அழிக்கும் வேலையை விட்டுவிட்டு வளர்க்கும் வேலையைத் தொடங்கினார்கள். சாதிவாரியாக, இனவாரியாகக் கம்பெனி பிரித்தார்கள். யார் ‘போர்க்குடி’, யார் இல்லை என்று பட்டியல் போட்டார்கள். அந்தப் பட்டியலில் தென்னாட்டான் கீழே போனான். 1880களில் சென்னைப் படைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸுக்கு மதராசிச் சிப்பாய் மேல் மதிப்பே இல்லை. 1920களின் கடைசிக்குள் மெட்ராஸ் காலாட்படைப் பட்டாளங்கள் கலைக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போருக்குத்தான் மறுபடி எழுந்தன. அடையாளத்தை மதிப்பதுபோல் காட்டியே ஒருவனை வெளியே நிறுத்தவும் முடியும்.

இதற்கு நேர் எதிராக ஒரு காட்சி. 1943, சிங்கப்பூர். தசரா சமயத்தில் செட்டியார் கோயில்காரர்கள் நேதாஜியை அழைக்கிறார்கள், இந்திய தேசிய ராணுவத்துக்கு நிதி தருவதாக. எல்லாச் சாதியும் மதமும் நுழைய முடியாத இடத்துக்கு வர மாட்டேன் என்கிறார் அவர். கோயில்காரர்கள் சம்மதித்தபிறகு, ஆபித் ஹசன் உள்ளிட்ட முஸ்லிம் அதிகாரிகளையும் கூட்டிக்கொண்டே உள்ளே போகிறார். எல்லோர் நெற்றியிலும் பொட்டு வைக்கிறார்கள். வெளியே வந்ததும் நேதாஜி தன் நெற்றியைத் துடைத்துக்கொள்கிறார். மற்றவர்களும் துடைத்துக்கொள்கிறார்கள். மலேயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ச் சிப்பாய்கள் நிறைந்த படை அது. அங்கே எல்லோருக்கும் ஒரே அடுப்பு. கிரடாக் காகிதத்தில் எழுதியதை இவர் தன் நெற்றியிலிருந்து தொடங்கினார்.

4

இந்தக் கேள்வி இன்னும் முடியவில்லை. ஒரு கிறிஸ்தவ அதிகாரி தன் சிப்பாய்களின் கோயில், குருத்துவாரா வழிபாட்டு அணிவகுப்புக்குப் போவார். வெளிமுற்றத்தில் நிற்பார். கருவறைக்குள் போய்ச் சடங்கில் சேர மட்டும் மறுத்தார். 2021இல் பணிநீக்கம். டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் அதைச் சரி என்றது. நவம்பரில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. தன் ஆட்களின் சாமியை மதிக்காத தலைவன் பின்னால் அவர்கள் சாவுக்குப் போவார்களா என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. மதிப்பதும் கும்பிடுவதும் ஒன்றா என்ற கேள்வியிலும் இருக்கிறது. 1806இல் ‘துடை’ என்றது உத்தரவு. இங்கே ‘உள்ளே வா’ என்கிறது. எனக்கு இரண்டும் ஒரே நாணயத்தில் அடித்ததாகத்தான் தெரிகிறது.

அமெரிக்காவில் வேறு மாதிரி. வியட்நாம் போர்க் காலத்தில் முகாம்களுக்குள்ளேயே கறுப்பர், வெள்ளையர் மோதல் நடந்தது. 1971இல் அதற்கென்றே ஒரு பயிற்சி நிறுவனம் தொடங்கினார்கள். கறுப்பர் வரலாற்று மாதம், ஆசிய அமெரிக்கர் மாதம் என்று முகாம்களில் கொண்டாடும் வழக்கமும் வேர்பிடித்தது. 2025 ஜனவரி 31 அன்று பாதுகாப்புத் துறையின் ஒரே குறிப்பு, அரசு நேரத்திலும் அரசுச் செலவிலும் இனி அவை இல்லை என்றது. மேலிருந்து வந்த விழாவை மேலேயிருந்தே நிறுத்த ஒரு தாள் போதுமாக இருந்தது.

பனிமலையில் பால் பவுடரில் பொங்கிய பொங்கலுக்கு உத்தரவு எதுவும் இல்லை. தடையும் இல்லை. பானையைத் தேடியது, பவுடரைக் கரைத்தது, ‘பொங்கலோ பொங்கல்’ என்று கத்தியது எல்லாம் அந்தச் சிப்பாய்கள். அதிகாரி செய்தது, அடுப்பு மூட்ட ஒரு மணி நேரம் விட்டது மட்டும். பஞ்சாபிக்காரன் தட்டோடு வந்தது அவனாக வந்தது. வேலூர்க் கோட்டையில் அந்த 21 பேரை நிற்க வைத்து, ‘இந்தத் தலைப்பாகையில் உங்களுக்கு என்னய்யா கஷ்டம்?’ என்று யாராவது ஒருத்தர் கேட்டிருந்தால் போதும். பஞ்சாலங்குறிச்சியில் ஜெயித்தவனுக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை.