"நான் யார்?" என்று கேட்கும் சர்வர்கள்

ஒரு கம்ப்யூட்டரில் லினக்ஸ் போடும்போது பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். மெஷினுக்கு என்ன பெயர், பாஸ்வேர்டு என்ன என்று அது வரிசையாகக் கேட்கும், அவர் பதில் சொல்வார். ஒரு மெஷின் என்றால் சரி. ஒரே நேரத்தில் இருநூறு மெஷின் என்றால்? அதுவும் கீபோர்டே இல்லாத, எங்கோ ஒரு கட்டடத்தில் இருக்கும் மெஷின்கள் என்றால்...?

இந்தத் தலைவலி கிளவுடுக்கு முந்தையது. 1990களிலேயே சன் நிறுவனம் சோலாரிஸுக்கு ஜம்ப்ஸ்டார்ட்டும், ரெட் ஹேட் தன் லினக்ஸுக்குக் கிக்ஸ்டார்ட்டும் கொண்டு வந்தன. இரண்டிலும் யோசனை ஒன்றுதான். இன்ஸ்டாலர் கேட்கப் போகும் கேள்விகளுக்கு முன்கூட்டியே ஒரு ஃபைலில் பதில் எழுதி வைத்துவிடுவது.

2006 ஆகஸ்டில் அமேசானின் ஈசி2 வந்தபோது கதை மாறியது. அங்கே இன்ஸ்டால் செய்யும் வேலையே கிடையாது. ஏற்கெனவே தயார் செய்து வைத்த ஒரு டிஸ்க் இமேஜை நகல் எடுத்து ஓட விடுவார்கள். சிக்கலும் அங்கேதான். நகல்கள் எல்லாம் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும். சர்வர் தன்னை அடையாளம் காட்டும் எஸ்எஸ்ஹெச் சாவி இமேஜுக்குள்ளேயே இருந்துவிட்டால், அதிலிருந்து பிறக்கும் எல்லா சர்வருக்கும் ஒரே சாவி! ஒரு சர்வர் இன்னொன்றைப் போல வேஷம் போடலாம். ஆகவே சாவி, பெயர், உரிமையாளர் எல்லாம் முதல் பூட்டில்தான் முடிவாக வேண்டும்.

அதற்கு அமேசான் 169.254.169.254 என்ற முகவரியைக் கொடுத்தது. சர்வருக்கு உள்ளேயிருந்து மட்டுமே எட்டக்கூடிய முகவரி இது. புதிதாக எழுந்த சர்வர் இங்கே போய் "நான் யார்?" என்று கேட்கும். தன் விவரங்கள், உரிமையாளரின் பொதுச் சாவி, கூடவே அவர் எழுதி வைத்த 16 கிலோபைட் வரையிலான யூசர் டேட்டா, எல்லாம் பதிலாக வரும்.

அந்த யூசர் டேட்டாவை வைத்து என்ன செய்வது என்பது இமேஜ் தயாரிப்பவர் பாடு. எரிக் ஹாமண்ட் தயாரித்த உபுண்டு இமேஜ்கள், அது ஸ்கிரிப்டாக இருந்தால் முதல் பூட்டில் அப்படியே ஓட்டின. 2009இல் அவர் இதை அலெஸ்டிக் தளத்தில் விளக்கி எழுதினார். உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனமும் ஈசி2-இனிட் என்ற நிரலை உருவாக்கியது. அது 2010இல் கிளவுட்-இனிட் என்று பெயர் மாறியது. ஸ்காட் மோசர் அதைப் பல வருடங்கள் வளர்த்தார். ஸ்கிரிப்ட் எழுதத் தெரியாதவர்கூட "இந்த பேக்கேஜ் வேண்டும், இந்த யூசர் வேண்டும்" என்று பட்டியல் போட்டுக் கொடுக்கலாம். மற்ற லினக்ஸ்களும் மற்ற கிளவுடுகளும் அதை ஏற்றுக்கொண்டன.

ஆனால் ஒரு ஓட்டை இருந்தது. அந்த முகவரி, கேட்பது யார் என்று பார்ப்பதில்லை. சர்வருக்குள் ஓடும் எந்த நிரல் கேட்டாலும் பதில் சொல்லும். நாளடைவில் தற்காலிக அணுகல் சாவிகளும் அதே முகவரியில் கிடைக்கத் தொடங்கின. 2019இல் கேப்பிட்டல் ஒன் வங்கியில் நடந்தது இதுதான். சரியாக அமைக்கப்படாத ஒரு ஃபயர்வாலை ஏமாற்றி, தாக்கியவர் அதன் மூலமாகவே இந்த முகவரியில் சாவி கேட்டு வாங்கினார். சுமார் 10 கோடி அமெரிக்கர்கள், 60 லட்சம் கனடியர்களின் விவரங்கள் போயின. அதே ஆண்டு நவம்பரில் அமேசான் புதிய முறையைக் கொண்டு வந்தது. முதலில் தனியாக ஒரு டோக்கன் வாங்க வேண்டும், அதைக் காட்டினால்தான் பதில்.

ஆள் இல்லாமல் சர்வர் எழ வேண்டும் என்பதற்காகத்தான் கேள்வி கேட்காமல் பதில் சொல்லும் ஒரு முகவரி உருவானது. வசதி எந்த வழியாக வந்ததோ, அந்த வழியாகவே திருடனும் வந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த மனிதர் பாஸ்வேர்டு மட்டும் அடிக்கவில்லை, காவலும் காத்தார். அவரை எழுப்பி அனுப்பியபோது அந்த இரண்டாவது வேலையை யாருக்கும் கொடுக்க மறந்துவிட்டார்கள்.